எட்டாம் மூடு முதல் பன்னிரண்டாம் மூடு வரை

வெள்ளிக்கிழமை, பகல் 12.10. களியக்காவிளை.

மதுரையில் விடிகாலை நாலரைக்கு ஏறி, நாகர்கோவிலில் பஸ் மாறி, எல்லையில் வந்து இறங்கியபோது என் கையில் ஒரு ரெக்சின் பை இருந்தது. உள்ளே இரண்டு வேட்டி, ஒரு துண்டு, வீட்டு இன்சூரன்ஸ் விண்ணப்பத்தின் மூன்று பிரதிகள், காற்றில்லாமல் மடித்து வைத்த பழைய லாரி டியூப் ஒன்று. டியூபின் விலை நாற்பது ரூபாய். மதுரையில் ஒரு பஞ்சர் கடையில் பேரம் பேசி வாங்கியது.

நாற்பத்தெட்டு வயதுக்காரன் ஒருவன் தங்கை வீட்டுக்கு லாரி டியூபோடு போவானா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நீந்தத் தெரியாது. தங்கை வீடு கடலோரத்தில் இருக்கிறது. இரண்டும் பழைய சங்கதிதான். புதிய சங்கதி, கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பூமி சூடாகிறது, துருவத்துப் பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது என்று எழுதுகிறார்கள். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுகிறார்கள். என்னால் போக முடியவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டி பீரோவில் வைத்தேன். பின்பக்கம் இருந்த மோர்க்குழம்புக் குறிப்பு போயிற்றே என்று என் மனைவிக்கு இன்னும் வருத்தம்.

பயணத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை தங்கமும் அவள் புருஷன் செல்லப்பனும் பொழியூருக்குத் தெற்கே, கேரளம் முடிகிற இடத்தில் இருக்கிறார்கள். செல்லப்பன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடைத்த பணம் முழுவதையும் போட்டு, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினார்கள். அவர்களுக்கு வேறு நிலம் இல்லை, வேறு வீடு இல்லை. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் வீட்டை இன்சூர் செய்துவிட வேண்டும் என்பது தங்கத்தின் பிடிவாதம். வந்து பார்த்த ஏஜென்ட் ஒருவர் சாயா குடித்துவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அண்ணன் மதுரையில் இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீசில் அல்லவா இருக்கிறார்.

இருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. தபால் பிரிவில் உறைகளுக்கு ஸ்டாம்ப் ஒட்டுகிறேன். அதை ஊரில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மதியம் 12.45. பாறசாலை.

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு பஸ்ஸில் பத்து நிமிஷம். எல்லையைத் தாண்டியதற்கு அடையாளம் போர்டுகளில் எழுத்து மாறுவதுதான். பேச்சு மாறுவதில்லை. டிக்கெட் கொடுத்த கண்டக்டர் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார். தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு இரண்டையும் கலந்து சத்தம் போட்டார்கள்.

பொழியூர் பஸ்ஸுக்கு மூன்று ரூபாய் டிக்கெட். பக்கத்தில் மீன் விற்றுத் திரும்புகிற ஒரு அம்மா, காலி அலுமினியச் சட்டியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த டியூபை இரண்டு முறை பார்த்தார்.

"டயர் கடையா?"

"இல்லம்மா. தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கடல் பக்கம்."

"இது எதுக்கு?"

"சும்மா, ஒரு தைரியத்துக்கு."

அவர் சிரிக்கவில்லை. பேச்சை மாற்ற, "ஸ்டாப்பில் இறங்கினா கடலுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்று கேட்டேன்.

"எந்த மாசத்துல?"

"என்னம்மா?"

"தை மாசத்துல ஒரு தூரம் உண்டு. ஆனி மாசத்துல ஒரு தூரம் உண்டு. எனக்க கல்யாணத்துக்கு வந்தப்பம் இருந்த தூரம் இப்பம் இல்ல. நீங்க எந்த தூரத்தக் கேக்குதிய?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டமும் ரப்பரும் வாழையும் ஓடின. சரியான மேட்டு நிலம். இங்கேயே ஒரு வீட்டைக் கட்டித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த செல்லப்பன் என்று நினைத்தேன்.

மதியம் 1.50. வீடு.

செல்லப்பன் ஸ்டாப்பில் நின்றிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, டிரைவர் கை பழக்கத்தில் என் பையை ஒரே வீச்சில் வாங்கிக்கொண்டார்.

"அளியா, யாத்திரை எப்படி? பையில என்ன, மலைப்பாம்பா?" மச்சானை அவர்கள் அளியன் என்பார்கள்.

"உங்களுக்கு ஒரு பரிசு."

மண்பாதையில் பத்து நிமிஷ நடை. இரைச்சல் முதலில் கேட்டது. பெரிய மில் ஒன்று ஓய்வில்லாமல் ஓடுகிற இரைச்சல். பிறகு வீடு தெரிந்தது. இளம் பச்சை வண்ணம், முன்னால் சிமெண்டுப் படி மூன்று, வாசல் கிழக்குப் பார்த்து. நல்ல வீடு. நான் நின்று ரசித்தேன். இரைச்சல் வந்த திசையைப் பார்க்காமல் ரசிப்பதற்கு எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

தங்கம் வெளியே வந்தாள். "அண்ணன் மெலிஞ்சு போனியளே. ஆபீசுல வேல கூடுதலா?"

"தலைக்கு மேல வேலை" என்றேன். ஸ்டாம்ப்பை நாக்கில் தொடுகிறவனுக்கு வேலை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கேதான் பார்த்தேன். வீட்டுச் சுவரிலிருந்து மேற்கே ஒரு வரிசைத் தென்னை. சுவருக்கு அருகில் இருந்த மரத்தில் வெள்ளைப் பெயிண்டில் 12 என்று எழுதியிருந்தது. அடுத்தது 11. அப்புறம் 10. அப்புறம் 9. அதற்கு அடுத்த மரம் வேர்களை வெளியே நீட்டிக்கொண்டு மண்திட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றது. அதில் 8. அதற்கு அப்பால் அரபிக்கடல்.

"செல்லப்பன்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒண்ணாம் நம்பர் மரம் எங்கே?"

"அதுவா" என்று அவர் கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். பஸ் ஸ்டாப்பைக் காட்டுகிற மாதிரி. "அங்கோட்டு. ஏழு மூடும் அங்கோட்டுதான் நின்னுது."

இங்கே என் கதைக்குள் இருக்கிற முட்டாள்தனத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் தென்னையை மூடு என்று எண்ணுவார்கள். மரம் ஏறுகிற ஆளுக்குக் கணக்குத் தப்பாமல் இருக்க, கடல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மூட்டிலும் நம்பர் எழுதுவார்கள். மரம் விழுந்தால் நம்பரை மாற்றுவதில்லை. செத்தவன் பெயரை இன்னொருவனுக்கு வைத்த மாதிரி ஆகிவிடும் என்பார்கள். அதனால் பன்னிரண்டாம் மூடு என்றைக்கும் பன்னிரண்டாம் மூடுதான். வீட்டுக்கும் அதுவே விலாசம். தபால்காரர்கூட "பன்னிரண்டாம் மூட்டுக்காரங்க" என்றுதான் கூப்பிடுவார்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: கடலிலிருந்து வீட்டின் தூரம். தங்கம் எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள்: "நம்ம வீடு கடலிலிருந்து பன்னிரண்டாம் மூடு ஆக்கும்." நான் மதுரையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி. பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்கினால் முந்நூறு. முந்நூறு அடி என்று டைப் அடித்து, விவரங்கள் உண்மை என்று கீழே என் கையெழுத்தையும் போட்டு, நெய்யாற்றின்கரைக் கிளைக்கு அனுப்பியும்விட்டேன். ஸ்டாம்ப் நானே ஒட்டினேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு அந்தக் கிளையிலிருந்து ஆள் வருகிறார், பார்வையிட.

மாலை 6.00.

மரச்சீனியும் சாளை மீன் குழம்பும் வைத்தாள் தங்கம். எனக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு அலை உடைகிறபோதும் தட்டில் இருந்த குழம்பு நடுங்குகிற மாதிரித் தோன்றியது. உற்றுப் பார்த்தேன். தட்டைத் தரையில் வைத்துவிட்டேன்.

"தங்கம், கடல் இப்ப பின்னால போகுமா, முன்னால வருமா?"

"ரெண்டும் செய்யும். மழைக்காலத்துல வரும், பின்ன மண்ணத் திருப்பிக் கொண்டு போடும். முன்னெல்லாம் எடுத்தத முழுக்கத் திருப்பித் தரும். இப்பம் கொறச்சாக்கும் தருது."

"பயமா இல்லையா?"

அவள் வாழையிலையில் மிச்ச மரச்சீனியை மூடி வைத்தாள். "பேடி இல்லாம உண்டா அண்ணா? அதுக்குத்தானே இன்சூரன்சு கேக்குதேன். வீடு போனா, இன்னொரு வீட்டுக்கு வழி வேணும் இல்லியா? ஹாஸ்டல்ல நிக்குத மகளுக்க படிப்பு முடியல்ல. இவரு இனி வண்டி ஓட்டப் போக முடியாது. இஞ்ச ஒரு சென்டு நெலம் எடுக்க ஆளு கெடையாது, வித்திட்டுப் போகவும் முடியாது."

முந்நூறு அடி விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். நான் கொடுத்த பிரதியை அதற்குள் படித்திருந்த செல்லப்பன் முந்திக்கொண்டார். "அளியன் எழுதுன முந்நூறு இருந்தா மதி, அது போதும். வாற சாரு நாடா பிடிச்சு அளக்க மாட்டாரு. கம்பெனி ஆளு எழுதுனதாக்கும், நம்பிக்கை இருக்கும்."

நான் எழுந்து கை கழுவினேன். டியூபைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். காற்றில்லாத டியூப் தலையணையாகக்கூட உதவவில்லை.

சனிக்கிழமை, காலை 10.40.

வந்தவர் பெயர் சசிதரன். கிளை அலுவலகத்தின் இன்ஜினீயர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடு வந்தார். என்னை "சார், சார்" என்று கூப்பிட்டு நின்றே பேசினார். மதுரை ஆபீஸ் என்றதும் அவர் என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டார். நானும் பெரிய அதிகாரி மாதிரித் தலையை மெதுவாக ஆட்டினேன். சாயா குடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கம்பி எத்தனை மில்லி என்று கேட்டார். எல்லாம் திருப்தி. எனக்கு மூச்சு வரத் தொடங்கியது.

அப்புறம் அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"சார், ஒரு உபகாரம். இந்தத் தும்பப் பிடிச்சுகிட்டு கடல் பக்கம் போகணும். நான் சுவருகிட்ட நிக்கேன்."

கடல் பக்கம் நிற்பதற்கு அவருக்கும் விருப்பம் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பெரிய அதிகாரி முடியாது என்று எப்படிச் சொல்வது? நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது என்று நடந்தேன். எட்டாம் மூட்டைப் பிடித்து நின்றேன். மண்திட்டுக்குக் கீழே அலை வந்து போய்க்கொண்டிருந்தது. வானம் தெளிவு. காற்று இல்லை. தூரத்தில் இரண்டு வள்ளங்கள் அசையாமல் நின்றன. பயப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லாத காலை. ஆகவே நான் முழு மூச்சாகப் பயந்தேன்.

சசிதரன் நாடாவைப் படித்தார். பையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்தார். நாடாவைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"சார், இதில நூற்றி முப்பது அடிதான் இருக்கு. முந்நூறுண்ணு எழுதியிருக்கே. பாக்கி எங்க?"

"பாக்கி வெள்ளத்துக்குள்ள உண்டு சார்" என்றார் செல்லப்பன், மரியாதை குறையாமல். "ஏழு மூடு."

தப்பு என்னுடையது, நான்தான் மரத்தை எண்ணிப் பெருக்கிவிட்டேன் என்று சொல்லத் திரும்பினேன். அப்போது என் காலில் குளிர்ச்சி தட்டியது.

அலை உடைந்த சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் ஒரேயடியாக உயர்ந்து, பால் பொங்குகிற மாதிரி மண்திட்டின் மேல் ஏறி, என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. எட்டாம் மூடு என் கைக்குள்ளேயே ஒருமுறை அசைந்தது. பெரிய மிருகத்தின் உடம்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அண்ணா, ஓடி வாங்க, கள்ளக்கடலு" என்று தங்கம் கத்தியது கேட்டது. காற்றும் மழையும் இல்லாமல் திருடன் போல ஏறி வருகிற கடலுக்கு அங்கே அதுதான் பெயர்.

நான் ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது என் கௌரவத்துக்காக. ஒன்பதாம் மூட்டில் செருப்பு போயிற்று, பத்தாம் மூட்டில் வேட்டி காலில் சுற்றி ஒருமுறை விழுந்தேன், தண்ணீர் முழங்காலுக்கு வந்து என்னை முந்திக்கொண்டு போயிற்று. உயிரோடு இருக்கிற மனிதனை முந்திப் போகிற தண்ணீரைப் போல அவமானம் வேறு இல்லை. பதினொன்றாம் மூட்டில் எனக்கு டியூப் ஞாபகம் வந்தது. அது உள்ளே ஆணியில், காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வாய்விட்டு "அம்மா" என்றேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டைச் சுற்றி வாசல் படியில் ஏறி விழுந்தபோது நான்கு பேரும் அங்கே இருந்தோம். தண்ணீர் முதல் படியை மூடி, இரண்டாம் படியின் விளிம்பை நக்கிக்கொண்டு நின்றது. சசிதரன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. அவருடைய ஸ்கூட்டர் மெல்லச் சாய்ந்தது.

அப்போதுதான் கவனித்தேன். நாடாவின் நுனி இன்னும் என் கையில் இருந்தது. நாடாவின் உறை அவர் கையில். நடுவில் உள்ளது எல்லாம் சுருண்டு தண்ணீரில் மிதந்தது.

தங்கம் அதைப் பார்த்தாள். அவளுக்கு அந்த இன்சூரன்ஸ் காகிதம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவள் பொய் சொல்லியிருக்கலாம், இது எப்பவாவது வருகிற வெள்ளம் என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் இரண்டாம் படியைக் காட்டினாள்.

"இப்பம் அளங்க சார். முந்நூறும் வேண்டாம், நூற்றி முப்பதும் வேண்டாம். இதாக்கும் தூரம்."

சசிதரன் அளக்கவில்லை.

அரை மணி நேரத்தில் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிற்று. திருடப் போன வீட்டில் ஒன்றும் அகப்படாதவன் போகிற மாதிரி, அவசரமில்லாமல். பின்பக்கம் தாழ்வாக இருந்த சமையலறையில் மட்டும் ஒரு விரல் உயரத்துக்கு மணல். செல்லப்பன் ஸ்கூட்டரை நிமிர்த்தித் துடைத்துக் கொடுத்தார். நான் சசிதரனிடம் உண்மையைச் சொன்னேன், மூட்டுக் கணக்கையும், தபால் பிரிவையும். அவர் கோபப்படவில்லை. ஈரக் காகிதத்தை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"சார், நூற்றி முப்பதுண்ணு எழுதி மேல அனுப்பறேன். பொய் எழுத முடியாது, கேட்டோ. பாலிசியில தீ உண்டு, இடி உண்டு, புயல் உண்டு, வெள்ளம் உண்டு. காத்தும் மழையும் இல்லாம வெயிலத்து வந்த இதுக்கு என்ன பேரு எழுதணும்ணு எனக்கே தெரியாது. வீடு போனாத்தான் அவங்க பேசுவாங்க. வீட்டுக்கு அடியில இருக்கிற மண்ணு போனா பேசவே மாட்டாங்க." பிறகு தங்கத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சேச்சி, அனுமதி வரும்ணு நெனச்சு இருக்க வேண்டாம்."

"செரி" என்றாள் தங்கம். உள்ளே போய் மணலை வாரத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.15.

புறப்படும்போது தங்கம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மூடியைச் சுற்றித் துணி ஒட்டியிருந்தது. உள்ளே வீட்டின் ஆதாரப் பத்திரம், வரி கட்டிய ரசீதுகள், மகளுடைய பத்தாம் வகுப்பு சர்டிபிகேட், கல்யாணப் போட்டோ ஒன்று.

"இது மதுரையில இருக்கட்டும்."

"எதுக்குடி?"

"அங்க கடலு கெடையாது இல்லியா."

நான் டின்னை ரெக்சின் பைக்குள் வைக்கப் போனேன். அவள் தடுத்தாள்: "கம்பெனி ஆளு ஆக்கும் நீங்க. ரசீது இல்லாம சாமான் வாங்கப்பிடாது. எழுதித் தாங்க."

மிச்சம் இருந்த விண்ணப்பப் பிரதியின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு பிஸ்கட் டின், நல்ல நிலையில், பத்திரமாகப் பெற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை எழுதியது எல்லாம் உண்மை. அவள் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

டியூபைச் செல்லப்பனிடம் கொடுத்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். "அளியா, காத்து அடிச்சுத் தந்துட்டுப் போங்க" என்றார். ஸ்டாப் பக்கத்து சைக்கிள் கடையில் அடித்தோம். ஐம்பது காசு. கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. பெருத்த டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்லப்பன் வீட்டுக்கு நடந்து போனதை பஸ்ஸின் பின் ஜன்னல் வழியாக வளைவு வரும் வரை பார்த்தேன்.

மதுரை.

வைகையில் தண்ணீர் இல்லை. ஆற்றுக்குள் சலவைத் துணி காய்கிறது, மாடு படுத்திருக்கிறது. என் வீட்டுக்கு இன்சூரன்ஸ் வேண்டுமா என்று எங்கள் ஆபீசிலேயே மூன்று ஏஜென்டுகள் வருஷம் தவறாமல் கேட்கிறார்கள். ஐம்பது மைலுக்குக் கடல் இல்லாத என்னைத் துரத்தித் துரத்திக் கேட்கிறார்கள். கேட்டவளுக்கு ஆள் இல்லை.

பிஸ்கட் டின்னைப் பீரோவின் கீழ்த்தட்டில், பத்திரிகைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஜூலையில் தங்கத்தின் கார்டு வந்தது. நெய்யாற்றின்கரைக் கிளையிலிருந்து பதில் வந்ததாம், முடியாது என்று. கடைசி வரி: "எட்டாம் மூடு செவ்வாய்க்கிழமை போச்சு. குலை நிறைய காய் இருந்தது. நாங்கள் சுகம்."

இரண்டு முறை படித்தேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, டின்னை எடுத்து பீரோவின் உச்சியில், சுவரோடு ஒட்டி வைத்தேன்.

"அங்கே எதுக்கு அவ்வளவு உயரத்துல?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்லை" என்றேன். ஸ்டூலிலிருந்து இறங்குவதற்கு முன் ஒருமுறை தரையைப் பார்த்துக்கொண்டேன்.